கராஜுக்கு வந்தால் பறக்கும் கார்

1. மலைக் காற்றின் மேல் பழி

என் கராஜ் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை போகிற வீதியில், கரட் தோட்டங்கள் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. தலை கறுப்பாக இருந்த காலத்தில் திறந்தது. இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன், ஒன்றைத் தவிர. சிலர் வரும்போதே நோயின் பெயரையும் சொல்லி, மருந்தின் பெயரையும் சொல்லிவிட்டு, ஸ்பேனர் பிடிக்க மட்டும் என்னைக் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு கதிரையைப் போட்டு ப்ளேன்டீ கொடுத்து உட்கார வைத்துவிடுவேன். வாய் சூடாக இருக்கும்வரையாவது பேசாமல் இருப்பார்கள்.

புஷ்பராணி அந்த ரகம் இல்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை மத்தியானம் அவளும் அப்படித்தான் வந்து இறங்கினாள்.

"பாஸ் அண்ணே, ஒருத்தர் டர்போ போயிருச்சுங்கிறாரு. இன்னொருத்தர் மேல காத்து கம்மி, அதான் இழுக்கலங்கிறாரு. ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க."

"மூணாவதா ஒண்ணு இருந்தா என்ன செய்ய?"

"அதையாச்சும் சீக்கிரம் சொல்லுங்க. திங்கக்கிழமை என்கிட்ட கார் இருக்கும், ஹயர் இருக்காது."

புஷ்பராணி கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு லைசன்ஸ் எடுத்து, லீசிங்கில் ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினாள். சிவப்பு நிறம், ஆட்டோ கியர், ஆயிரம் சிசி டர்போ எஞ்சின். அந்தத் தோட்டத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண் அவள்தான். தினமும் காலையில் டவுனுக்கு இறங்கி, மூன்று ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு, தோட்டத்தின் உச்சியில் இருக்கிற பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவாள். மத்தியானம் திரும்பக் கூட்டிவருவாள். அந்த ஹயர்தான் அவள் வீட்டு அடுப்பு.

பாடசாலைக்கு முந்திய ஏற்றத்தைப் பெரிய வளைவு என்பார்கள். கொழுந்து லொறியே மூச்சு வாங்குகிற இடம். சில வாரங்களாகக் கார் அதில் ஏறவில்லை. பாதியில் இரண்டு ஆசிரியர்கள் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. ஏழரைக்கு மணி அடித்ததும் அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் தாமதம் என்று கணக்கு. நடந்து வந்தவர்கள் கோட்டுக்குக் கீழேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதிபர் நல்ல மனுசன்தான் அண்ணே. 'பிள்ள, உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்குப் பிறகு வேற வேன் பேசிருவேன்'னாரு. நல்ல மனுசன் சொன்னா செஞ்சிருவாரு, அதான் பயமா இருக்கு."

மலையில் காற்று மெலிந்ததுதான், அதை நான் மறுக்கவில்லை. டர்போ இல்லாத எஞ்சின் அந்த மெலிந்த காற்றை வைத்துக்கொண்டு திண்டாடும். டர்போ என்பது ஒரு சின்ன விசிறி. புகைக் காற்றால் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அந்த அமுக்கத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர். ஆக, டர்போ வண்டிக்காரன் மலைக் காற்றைக் குற்றம் சொல்வது, குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மழையைத் திட்டுவதுதான். இந்தப் பிழையை எங்கள் மலைநாட்டு டிரைவர்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு நம்பிக்கையோடு செய்வதில்லை.

2. சவுக்கார நுரை

முதலில் டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. டர்போ நல்ல சுகத்தோடு இருந்தது. எஞ்சினும் நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடியது. ஸ்கேனரைக் குத்தினேன், ஒரு பிழைக் குறிகூட இல்லை. ஏற்றத்தில் என்ன நடக்கும் என்று கேட்டேன்.

"கொஞ்ச தூரம் நல்லா இழுக்கும். பிறகு புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அப்புறம் கிழவி கொழுந்து மூட்டை தூக்குன மாதிரிப் போகும்."

புஸ் என்ற ஒரு சொல் எனக்குப் போதும். டர்போ அமுக்குகிற காற்று குழாய் வழியாக இன்டர்கூலருக்குப் போகும். இன்டர்கூலர் என்பது கிரில்லுக்குப் பின்னால் இருக்கிற, காற்றைக் குளிரவைக்கிற பெட்டி. அங்கிருந்து இன்னொரு ரப்பர் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குப் போகும். இந்த வழியில் எங்காவது வாய் திறந்திருந்தால் அமுக்கிய காற்று வெளியே போய்விடும். எஞ்சின் பட்டினி கிடக்கும். இதுதான் பூஸ்ட் லீக்.

அதைப் பிடிக்கிற முறை சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்குகிற முறைதான். எஞ்சினை நிறுத்தி, டர்போவின் வாயை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடுவேன். அந்த அடைப்பானில் ஒரு டயர் வால்வு பொருத்தியிருக்கிறேன். அதன் வழியாக கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டு, மூட்டு மூட்டாகச் சவுக்கார நுரை அடித்துப் பார்ப்பேன். இளையவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸரின் முழுக் காற்றையும் திறந்துவிட்டால் நல்ல சீலும் பிய்ந்து போகும். ஓடும்போது எவ்வளவு பூஸ்ட் வருமோ அதைவிட ஒரு சொட்டுக் கூடுதலாக விட்டால் போதும். நோயைத் தேடப் போய் நாமே நோயை உண்டாக்கக் கூடாது.

இன்டர்கூலரின் கீழ் மூட்டில் சின்னதாக ஒரு நுரை முட்டை விட்டது. கிளிப்பை இறுக்கினேன், முட்டை நின்றது. எஞ்சின் பக்கத்து ஹோஸில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த போனட்டைத் திறந்தாலும் குங்குமமோ சந்தனமோ இருக்கும். அதனால் துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

பிறகு கராஜுக்குப் பின்னால் தேயிலை ஃபெக்டரிக்கு ஏறுகிற பாதையில் காரை விட்டோம். பெரிய வளைவுக்குக் கொஞ்சமும் இளைக்காத ஏற்றம் அது. கார் பறந்தது. புஷ்பராணி சிரித்த சிரிப்பில் எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்குத் தங்கச்சி? நாளைக்கே அதிபருக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்து" என்றேன்.

3. "நாங்கள் நடக்கத் துவங்கிட்டம்"

வியாழக்கிழமை காலை நான் பாணைச் சம்பலில் தொட்டு வாயில் வைக்கும்போது போன் அடித்தது.

"அண்ணே, பறந்த கார் படுத்திருச்சு."

அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. மகேந்திரன் சேர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். கூட வருகிற இரண்டு டீச்சர்மாரைவிட மெல்லிய உடம்பு, ஆனால் முதலில் இறங்கி நடப்பவர் அவர்தான். "பாஸிட்டச் சொல்லுங்கோ, நாங்கள் நடக்கத் துவங்கிட்டம் எண்டு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் செய்தி வாசிக்கிறவர் போலச் சொன்னதுதான் சுட்டது.

மத்தியானம் கார் மறுபடி கராஜுக்கு வந்தது. இந்த முறை நுரையை நம்பாமல் புகை விட்டேன். குழாய்களுக்குள் புகையை அனுப்பினால், ஊசி முனை அளவு ஓட்டையிலும் நூல் போல வெளியே வரும். கார் முழுக்கக் கண்ணை ஓட்டினேன், ஒரு நூலும் வரவில்லை. ஃபெக்டரிப் பாதையில் விட்டேன். பறந்தது.

பக்கத்து ஸ்பெயார் பார்ட்ஸ் கடை பாரூக் நானா வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நல்ல நண்பர், ஆனால் வியாபாரி.

"பாஸ், நான் செல்றதக் கேளுங்க. கடேல புது டர்போ ஒண்டு ஈக்கி. போட்டா முடிஞ்சி."

"போட்டும் முடியலன்னா, நானா?"

"அப்ப ஆண்டவன்ட நாட்டம்."

"ஆண்டவன் திருப்பி எடுப்பாரா, நீங்க திருப்பி எடுப்பீங்களா?"

நானா சிரித்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டார். புஷ்பராணிக்குச் சிரிப்பு வரவில்லை. கார்ச் சாவியைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கார் என்னைய ஏமாத்துது அண்ணே. உங்களக் கண்டா நல்ல பிள்ளையா இருக்கு. என்கூட வந்தா மக்கர் பண்ணுது. நாளைக்கும் இப்படின்னா அவ்வளவுதான். மறுபடி பெரட்டுக்குப் போய் நிக்க வேண்டியதுதான்."

பெரட்டு என்றால் விடிகாலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். அங்கே நிற்பது கேவலம் இல்லை. என் அம்மாவும் அங்கே நின்றவர்தான். ஆனால் ஒருத்தி ஒருமுறை வெளியே வந்துவிட்டால், அவளை மறுபடி அங்கே கொண்டுபோய் விடுவது என் கராஜாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்குகிற பிள்ளைகள் உண்டு. அதற்காகக் காய்ச்சலே இல்லை என்று சொல்ல முடியுமா? காய்ச்சல் இருக்கிற இடத்துக்கு டொக்டர்தான் போக வேண்டும். எஞ்சினில் ஒரு பூஸ்ட் கேஜைப் பொருத்தி, அதன் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, முள்ளு தெரிகிற மாதிரி டேஷ்போர்டில் ஒட்டினேன்.

"நாளைக்குக் காலையில நானும் வர்றேன். கராஜ் வாசல்ல ஏத்திக்கோ" என்றேன்.

4. பெரிய வளைவு

வெள்ளிக்கிழமை நல்ல பனி. டவுனிலிருந்து ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு வந்தவள் என்னையும் ஏற்றிக்கொண்டாள். நான் முன் சீட்டில் மடியில் டூல் பையோடு. பின்னால் மகேந்திரன் சேரும் இரண்டு டீச்சர்மாரும். டீச்சர்மார் இருவரும் நடப்பதற்கு வசதியாகச் சப்பாத்து மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். என்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

பெரிய வளைவில் திரும்பியதும் கேஜ் முள்ளு அழகாக ஏறியது. சரியாகத்தானே இருக்கிறது என்று நான் வாயைத் திறக்கவும், புஸ்ஸென்று சத்தம் வரவும் சரியாக இருந்தது. முள்ளு பொத்தென்று விழுந்தது.

"நிறுத்து. எஞ்சினை நிப்பாட்டாத" என்றேன்.

டீச்சர்மார் சொல்லாமலே இறங்கிச் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தார்கள். நல்ல பழக்கம் வந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு கொழுந்து லொறி வந்து நின்று ஹார்ன் அடித்தது. நான் போனட்டைத் தூக்கினேன்.

உள்ளே, கிரில்லுக்குப் பின்னால், இரண்டு எலுமிச்சம்பழமும் ஏழெட்டுப் பச்சை மிளகாயும் ஒரு கரித்துண்டும் தொங்கின. குங்குமம் வைத்து, பளபளப்பான கம்பியில் கோத்து, நல்ல முறையாகக் கட்டியிருந்தது. கம்பியின் ஒரு முனை பம்பர் இரும்பில். மறுமுனை, எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸில், மூன்று சுற்று.

நான் கையை நீட்டினேன். புஷ்பராணி சீட்டிலிருந்தே கத்தினாள்.

"தொடாதீங்க அண்ணே!"

"தொடல. பிரேக்கை நல்லா அமத்திக்கிட்டு, கியர்ல வச்சுக் கொஞ்சம் முடுக்கு."

முடுக்கினாள். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் பின்பக்கம் சாய்ந்தது. பாரம் இழுக்கும்போது எந்த எஞ்சினும் அப்படிச் சாயும். ஹோஸ் அதோடு சேர்ந்து போக வேண்டும். ஆனால் கம்பி அதை பம்பரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹோஸின் உதடு மூட்டிலிருந்து மெல்லக் கிளம்பியது. அந்த இடத்தில் கையை வைத்தேன். உள்ளங்கையில் காற்று அடித்தது. எனக்கு அந்த இடத்திலேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போல இருந்தது.

"தங்கச்சி, இது கராஜுக்கு வந்தப்ப இல்லையே?"

அவள் இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"கராஜுக்கு முந்தின வளைவுல கழட்டிப் பையில போட்டுருவேன் அண்ணே. திரும்பிப் போறப்ப மறுபடி கட்டிருவேன். இன்னைக்கு நீங்க சும்மா கூட வர்றீங்கன்னு கழட்டல."

"ஏன்?"

"திருஷ்டிக் காய் இல்லையா. நீங்க தெரியாம கைய வச்சா, என் கார் மேல விழுந்த கண்ணெல்லாம் உங்க மேல ஏறிரும். நீங்க ரெண்டு பிள்ளைகளப் பெத்தவரு."

இரண்டு நாள் நுரையும் புகையும் விட்டு நான் தேடியதை, எனக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று அவள் கழற்றிக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறாள்.

"சரி, இத ஏன் ஹோஸ்ல கொண்டுபோய்க் கட்டுன?"

"முந்தி முன்னுக்குத்தான் கட்டினேன். ஸ்கூல் பிள்ளைங்க அறுத்துட்டுப் போய்க் கிரிக்கெட் அடிச்சிட்டாங்க. அதான் உள்ளுக்கு மாத்தினேன்."

"எப்ப?"

"போன மாசம்."

"கார் இழுக்காமப் போனது எப்ப?"

அவள் விரலை மடித்து எண்ணினாள். "போன மாசம்" என்றாள். டீச்சர் ஒருவருக்குச் சிரிப்பு வந்து சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

லொறி டிரைவர் இறங்கி வந்தார். "மொகத பாஸ், எஞ்சின் இவரத?" என்றார். எஞ்சின் முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். "நே மல்லி, தெஹி" என்று எலுமிச்சையைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, தானும் தன் லொறியின் முன்பக்கத்தைப் போய்க் குனிந்து பார்த்தார். அங்கேயும் ஒன்று தொங்கியது.

கம்பியை அவிழ்க்க வேண்டும். கழற்றிய காயை என்ன செய்வது என்றுதான் கேள்வி. காருக்குள் வைக்கக் கூடாது, காலில் படக் கூடாது, வளைவில் போட்டுவிட்டுப் போனால் மிதிக்கிறவருக்கு ஆகாது. நான் தொடவும் கூடாது. புஷ்பராணி கையில் பிடித்தால் ஸ்டியரிங் யார் பிடிப்பது? மேலே பாடசாலையில் முதல் மணி அடிப்பது பனிக்குள்ளால் கேட்டது. இரண்டாவது மணிக்குச் சிவப்புக் கோடு.

மகேந்திரன் சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாங்கோ, நான் பிடிக்கிறன்."

"சார், வேணாம் சார். திருஷ்டி."

"எனக்கு வாறது வரட்டும் பிள்ளை. சிவப்புக் கோட்டை விட அது பெரிசில்லை."

புஷ்பராணியே அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். நான் ஹோஸை உட்கார வைத்து, கிளிப்பை ஏற்றி இறுக்கினேன். எல்லோரும் ஏறினோம். சேர் எலுமிச்சை மாலையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குத் தட்டுக் கொண்டுபோகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

பெரிய வளைவின் பாதியிலிருந்து, ஐந்து பேரோடு, கார் எடுத்தது பாருங்கள். முள்ளு ஏறியது, ஏறின இடத்தில் நின்றது. புஸ் இல்லை. நான் கேஜைப் பார்க்கிறேன், புஷ்பராணி பாதையைப் பார்க்கிறாள், பின்னால் டீச்சர்மார் "போகுது, போகுது" என்கிறார்கள். உச்சிக்கு வந்ததும் எங்களுக்கு எதிரே பாடசாலைக் கொடிக்கம்பம் தெரிந்தது. அவ்வளவு சந்தோசமாக நான் எந்த மேட்டிலும் ஏறியதில்லை.

அதிபர் அலுவலக வாசலில் வரவுப் புத்தகத்தோடு நின்றார். கையில் சிவப்புப் பேனை, மூடி கழற்றியபடி. முதலில் இறங்கியவர் மகேந்திரன் சேர். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை, இரண்டு கையிலும் எலுமிச்சை மிளகாய். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே சிரிப்பு.

"என்ன சார், சந்தைக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்றார் அதிபர்.

"இல்லை சேர். காரின்ட நோயைக் கையில கொண்டு வந்திருக்கிறன்."

மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள். அதன் பிறகுதான் மணி அடித்தது. அதிபர் அவர்கள் பெயர்களுக்குக் கீழே கோட்டைப் போட்டு, பேனையை மூடி, புஷ்பராணியைப் பார்த்தார்.

"திங்கக்கிழமையும் இதே நேரத்துக்கு வந்துருவியா பிள்ள?"

"வந்துருவேன் சார்" என்றவள், காரின் போனட்டில் கையை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் செய்தாள். எனக்கும் கண் கலங்கியது. பனி என்று சொல்லிச் சமாளித்தேன்.

5. வண்டியை வந்தபடியே கொண்டு வாருங்கள்

அடுத்த நாள் பாரூக் நானாவிடம் ஒரு புது ஹோஸ் வாங்கிப் போட்டேன். டர்போ விற்கவில்லையே என்று அவருக்கு மனக்குறைதான். ஆனாலும் கதையைக் கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் என்னைவிட அழகாகச் சொன்னார். காரின் நம்பர் பிளேட்டுக்குக் கீழே, எதிலும் படாத இடத்தில், ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் மறுபடி அறுக்காமல் இருக்கப் புஷ்பராணியே ஒரு வழி செய்தாள். ஒரு டென்னிஸ் பந்தை வாங்கிக் கொடுத்து, "இது ஒங்களுக்கு, அது சாமிக்கு" என்று சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் பக்கத்து வேன்காரர்களும் ஓட்டோக்காரர்களும் அந்தக் கொக்கியைக் கேட்டு வருகிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூஸ்ட் லீக் நிற்கிற காரில் தெரியாது, இழுக்கிற காரில்தான் தெரியும். அதனால் பழுது எந்த இடத்தில் வருகிறதோ அங்கே போய்ப் பாருங்கள், எத்தனை பேரோடு வருகிறதோ அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேளுங்கள். வாகனக்காரர் வாசலில் இறங்கியதும் நான் இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

"வர்ற வழியில எதையாச்சும் கழட்டினீங்களா?"

கேட்கும்போது குரலைக் கடுமையாக வைத்துக்கொள்ளாதீர்கள். எதையாவது மறைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் பொய் சொல்ல வருகிறவர்கள் இல்லை. உங்கள் மேல் வைத்த அன்பினாலும் மறைப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை கராஜைத் திறக்க வந்தபோது, கதவு நிலையில் ஓர் எலுமிச்சம்பழமும் ஐந்தாறு மிளகாயும் தொங்கின. புது நூலில், குங்குமம் வைத்து, முறையாகக் கட்டியிருந்தது. நான் கட்டவில்லை. கம்ப்ரஸர் ஹோஸுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். நன்றாகத் தள்ளித்தான் கட்டியிருந்தாள்.